பசை என்று பெயர் வைத்தவர்

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று காது சோதனைக்கு வந்த பெரியவர் ஒருவர் ஹெட்போனைக் கழற்ற மறந்து அப்படியே எழுந்து கதவுப் பக்கம் நடந்துவிட்டார். ஒயர் பின்னால் இழுத்ததும் திரும்பி என்னை முறைத்து, "ஏம்மா புடிச்சு இழுக்குற?" என்றார். வானொலி அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். வரவேற்பு மேசை அக்காவுக்கு நான் வைத்த பெயர் அது. காலையில் போட்டால் மாலை வரை நிற்காது.

மதியம் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். "ம்" என்றார்.

அந்த 'ம்' சரியில்லை. கடையில் ஏதாவது பிரச்சினையா? காலையில் நான் ஏதாவது சொல்லிவிட்டேனா? சட்டை இஸ்திரி சரியில்லையோ? மாலை வரை அதே ஓட்டம்தான். ஒரு அம்மாவுக்கு இடது காதை வலது என்று குறித்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் முதலிலிருந்து எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னால் அவர் முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாக இருந்தது. அப்பாடா. அதற்குப் பிறகுதான் பசித்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

எழுத்து கோணலாகப் போனால் போகட்டும்.

அவருடைய பேட்மிண்டன் நண்பர், கண்ணாடிக் கடைக்காரர், வீட்டில் மாடி எடுத்திருக்கிறார். கூட்டாளிகளுக்கெல்லாம் மதியச் சாப்பாடு. நான்கைந்து குடும்பம். நான் அந்த வீட்டுக்குப் போவது முதல் தடவை. கண்ணாடிக்காரர் மனைவி கதவைத் திறந்தாள், என் கையைப் பிடித்தாள், வாய் நிறையச் சிரிப்போடு கேட்டாள்:

"ஓ, நீங்கதானா அந்தப் பசை?"

எனக்குப் புரியவில்லை. அவள் புருஷன் பின்னாலிருந்து, "ஏய், சும்மா இரு" என்றார். அவள் இருக்கவில்லை. "அட, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் போன் அடிச்சாலே இவங்க எல்லாம் 'பசை கூப்பிடுது, பசை கூப்பிடுது'ன்னு கத்தி, ஸ்பீக்கர்ல போடச் சொல்லிக் கேப்பாங்களாம். அவரே வச்ச பேராம். ஒட்டுனா வராதாம்!"

சிரித்தார்கள். எல்லோரும். நானும் சிரித்தேன். அதுதான் தாங்க முடியவில்லை, நானும் சிரித்தேன்! கையில் வாங்கிய தண்ணீர் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றபடி.

அவர் அங்கேதான் இருந்தார். சோபாவில். "விளையாட்டுக்குச் சொல்றதுதான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மாடிப்படிக் கைப்பிடி என்ன மரம் என்று விசாரிக்கப் போய்விட்டார்.

பதினெட்டு வருஷம். ஒரு மதியம்கூட விட்டதில்லை, ஞாயிற்றுக்கிழமை அவர் ஆட்டத்தில் இருந்தால்கூட. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, முதுகு எப்படி இருக்கு — இதெல்லாம் அங்கே நாலு பேருக்கு நடுவில் ஸ்பீக்கரில் ஓடியிருக்கிறது. எனக்குத் தெரியாமல் நான் ஒரு காமெடி நடிகையாக இருந்திருக்கிறேன்.

காரில் வரும்போது ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன். கேட்டார். "ஏசி அதிகமா இருக்கா?"

பிப்ரவரி 9, திங்கள்

பழி வாங்குவேன்.

எழுதிப் பார்த்தால் சின்னப் பிள்ளைத்தனமாக இருக்கிறது. இருக்கட்டும். கத்த மாட்டேன். அழ மாட்டேன். அழுதால் அது இன்னொரு கதையாகி ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய்விடும். சண்டை போட்டால் சமாதானம் என்று ஒன்று வரும். சமாதானம் எனக்கு வேண்டாம்.

பசை வேண்டாம்தானே? பசையை எடுத்துவிடுகிறேன். எது எது விழுகிறது என்று பார்க்கலாம். அவர் விழ வேண்டும். விழுந்து என் காலைத் தேட வேண்டும். அன்றைக்கு அதே கண்ணாடிக்காரர் மனைவி முன்னால் அந்தப் பெயரை எடுத்து அவர் நெற்றியில் ஒட்டுவேன்.

இன்று மதியம் போன் செய்யவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

செய்யவில்லை. போனை லாக்கரில் பூட்டிச் சாவியை வானொலியிடம் கொடுத்தேன். "என்னடி, புருஷன் திருடிட்டுப் போயிடுவாரா?" என்றாள். சத்தம் புகாத சோதனை அறைக்குள் வேலையே இல்லாமல் போய் உட்கார்ந்தேன். அங்கே வெளிச் சத்தம் எதுவும் வராது. என் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது.

இவ்வளவு சத்தமாகவா அடித்துக்கொண்டிருக்கிறது இது? தினமுமா?

பிப்ரவரி 13, வெள்ளி

அவர் இன்னும் கவனிக்கவில்லை. இதைவிட அவமானம் உண்டா?

பிப்ரவரி 19, வியாழன்

மாலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். வழக்கமாக இந்த இடத்தில் நான் என்ன செய்வேன்? பின்னாலேயே போவேன். "என்னங்க, என்ன ஆச்சு, சொல்லுங்க, என்மேல கோவமா?" அவர் "ஒண்ணுமில்ல" என்பார். நான் விட மாட்டேன். அவர் எரிந்து விழுவார். நான் அழுவேன். அவர் கொஞ்சுவார். அவர் பாரம் இறங்கிவிடும், என்மேல் ஏறிக்கொள்ளும்.

இன்று நான் சாப்பாட்டு மேசையில் மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. அவர் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இரண்டு மூன்று நடை நடந்தார். பெருமூச்சு விட்டார். அலமாரிக் கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினார். ஊரார் வீட்டுச் சமையலறைக்கெல்லாம் அலமாரி வடிவமைப்பவர். சாத்தினால் சத்தமே வராத கதவு என்று சொல்லித்தான் விற்கிறார்.

"அப்பாவுக்கு என்ன?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பாகிட்ட கேளு."

அவளுக்குப் பதினாறு வயது. என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

கவனித்துவிட்டார்!

"ஏன் இப்பல்லாம் மத்தியானம் கூப்பிடறதில்ல?"

"வேலை."

"முன்னாடி வேலை இல்லையா?"

"இருந்துச்சு."

அவ்வளவுதான் பேச்சு. உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்தேன். சத்தம் வராமல். நல்ல சிரிப்பு.

மார்ச் 5, வியாழன்

இன்று ஒரு தம்பதி வந்தார்கள். எழுபதுக்கு மேல் இருக்கும். அந்த அம்மாவுக்குக் காது மெஷின் சரிபார்க்க வேண்டும். மெஷினில் கோளாறு எதுவுமில்லை. "வீட்ல சரியா கேக்குதாம்மா?" என்று கேட்டேன். புருஷன் முந்திக்கொண்டார்: "நான் கத்த ஆரம்பிச்சா ஆஃப் பண்ணிடுவா. முடிச்சதும் ஆன் பண்ணிப்பா."

"உங்களுக்குக் கோவம் வராதா சார்?"

"எதுக்கு? நான் கத்துறது எனக்குத்தான். அவளுக்கு எதுக்கு அது?"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே மெஷினைத் துடைத்தாள். அவர் சொன்னது அவளுக்குக் கேட்டதா, அப்போதும் ஆஃபில் இருந்ததா, தெரியவில்லை. இருவரும் கிளம்பும்போது அவர் ஒரு கடைக்கும் அவள் இன்னொரு கடைக்கும் போவதாகப் பேசிக்கொண்டு வாசலிலேயே பிரிந்தார்கள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பொறாமை என்று எழுத மனசு வரவில்லை.

மார்ச் 14, சனி

அவருக்கு நான் தேவைப்படுகிறேன். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம். சாக்ஸ் எங்கே, சார்ஜர் எங்கே, இந்தச் சட்டை பரவாயில்லையா? பதினெட்டு வருஷமாக இருந்த இடத்திலேயே இருக்கும் சாக்ஸ்! என் பக்கத்தில் வந்து நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். மதியம் அவரே போன் செய்கிறார். வானொலி லாக்கரைத் தட்டிக் காட்டி, "உள்ள உன் ஆளு துடிக்கிறாரு" என்கிறாள். துடிக்கட்டும்.

நான் நன்றாகத் தூங்குகிறேன். அடித்துப் போட்ட மாதிரி.

மார்ச் 24, செவ்வாய்

இதைக் கவனமாக எழுத வேண்டும். நன்றாகச் செய்த வேலை.

வந்தவர் ஷூவோடு சோபாவில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவராகவே ஆரம்பித்தார்.

"முதலாளி அவரு மருமகனைக் கொண்டுவந்து எனக்கு மேல போட்டுட்டாரு. இனிமே நான் வரையுற ஒவ்வொண்ணையும் அவன் பாத்து ஓகே சொல்லணுமாம். மூலை அலமாரிக்கும் மேல் அலமாரிக்கும் வித்தியாசம் தெரியாது அவனுக்கு. எல்லார் முன்னாடியும், 'சார் டிசைன் கொஞ்சம் பழசா இருக்கு'ங்கறான். எல்லார் முன்னாடியும்."

எல்லார் முன்னாடியும். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. கோடையில் ஐஸ் தண்ணீர் குடித்தால் நெஞ்சில் ஒரு கோடு மாதிரி இறங்குமே, அப்படி.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து தலையைக் கோத வேண்டும்; அந்த மருமகனைக் கண்டபடி திட்ட வேண்டும்; உங்கள மாதிரி யாரு வரைவாங்க என்று சொல்ல வேண்டும். எல்லாம் மனப்பாடம் எனக்கு.

"அப்படியா," என்றேன். "ஷூவைக் கழட்டிடுங்க. காலைலதான் தரை துடைச்சேன்."

குனிந்து கழற்றினார். ரொம்ப நேரம் ஆனது ஒரு ஷூவின் நாடாவை அவிழ்க்க.

மார்ச் 25, புதன்

நேற்று எழுதியதை மறுபடியும் படித்தேன். இனிக்கிறது.

ஏப்ரல் 4, சனி

வயதில் சின்னவள்தான், ஆனால் வாய் பெரிது. பாத்திரம் கழுவிக்கொண்டே மகள் சொன்னாள்: "முன்னாடி நீ அப்பா மூஞ்சியையே பாத்துட்டு இருப்ப, சந்தோஷமா இருக்காரான்னு. இப்பவும் பாத்துட்டுதான் இருக்க. அழறாரான்னு. எனக்கு ஒண்ணும் பெருசா வித்தியாசம் தெரியல."

"உனக்கு எதுவும் தெரியாது."

"தெரியாதுதான். ஆனா ரெண்டு பேரும் என்னைப் பாக்கறதில்ல. அது தெரியும்."

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். யாரிடமிருந்து வந்த வாய் இது?

ஏப்ரல் 12, ஞாயிறு

நடந்துவிட்டது.

நானே ஏற்பாடு செய்தேன். அதே கூட்டம், இந்தத் தடவை எங்கள் வீட்டில். அவருக்கு ஒரே சந்தோஷம், நான் பழையபடி ஆகிவிட்டேன் என்று. காலையிலிருந்து நாற்காலி தூக்கிப் போட்டார், ஜன்னல் துடைத்தார். பாவம் என்று தோன்ற வேண்டிய இடம். தோன்றவில்லை.

எல்லோரும் ஹாலில். சாப்பாடு எடுத்து வைக்கச் சமையலறைக்குப் போனவர் அங்கிருந்து கூப்பிட ஆரம்பித்தார். "இங்க வாயேன்." போனேன். கரண்டி எங்கே என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். "இங்க வாயேன், ஒரு நிமிஷம்." மூடி எங்கே. திரும்பி வந்தால் பின்னாலேயே வந்து நின்று என் நாற்காலி முதுகில் கையை வைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் மனைவி, "என்னண்ணா, அவங்கள ஒரு நிமிஷம் விட மாட்டீங்க போலிருக்கே?" என்றாள்.

தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி.

"அவரா?" என்றேன். நிதானமாக. "பசை. ஒட்டுனா வராது."

எல்லோரும் சிரிப்பில் வெடித்தார்கள். கண்ணாடிக்காரர் தொடையைத் தட்டினார். "மாட்டுனான்டா!" அவர் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். என் வீட்டுக்காரரும் சிரித்தார். என் நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையில் விட்டு, வெளியே எடுத்து, பிறகு தண்ணீர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஜாடி நிறையத்தான் இருந்தது.

மகள் சிரிக்கவில்லை.

இனித்ததா? இனித்தது. பொய் சொல்லப் போவதில்லை. இத்தனை வாரம் காய்ச்சியது, பதமாக வந்தது.

ஏப்ரல் 13, திங்கள்

இன்று முழுக்க அவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். வேலையில் இருக்கும்போதும். இப்போது என்ன செய்துகொண்டிருப்பார், வலிக்கிறதா, எவ்வளவு வலிக்கிறது? ஒரு பையனுக்குச் சோதனை எடுக்கும்போது, சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான், நான் எதையும் குறிக்கவே இல்லை.

மகள் சொன்னது.

ச்சே.

ஏப்ரல் 17, வெள்ளி

பேட்மிண்டனுக்குப் போவதில்லையாம் இனி. முழங்கால் வலி என்றார். என்னிடம் சாக்ஸ் கேட்பதும் நின்றுவிட்டது. போன் வருவதில்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, வேறு என்ன வேண்டும் எனக்கு?

ஏப்ரல் 22, புதன்

சோதனை அறைக் கதவை வானொலி படபடவென்று தட்டினாள். உள்ளே ஆள் இருக்கும்போது யாரும் தட்ட மாட்டார்கள். "உன் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்களாம். நெஞ்சு வலி. உன் போன் லாக்கர்ல அடிச்சு அடிச்சு ஓஞ்சு போச்சு. கடைசியில ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டாங்க." முதல் தடவையாக அவள் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

ஆட்டோவில் நான் என்ன நினைத்தேன்? இதைத்தான் எழுத வேண்டும். செத்துடாதீங்க. செத்துடாதீங்க. நான் இன்னும் முடிக்கல. — இப்படித்தான் நினைத்தேன். அன்பா ஆத்திரமா, இரண்டும் ஒரே வாயில் வந்தது.

சாகவில்லை. இதயத்தில் ஒன்றுமில்லை. எல்லாச் சோதனையும் சரி. மருத்துவர் என்னைவிடச் சின்னப் பெண். "இது பதற்றத்துல வர்றது. நெஞ்சு அடைக்கும், மூச்சு முட்டும், செத்துப் போயிடுவோம்னு தோணும். ஆனா ஹார்ட் நல்லா இருக்கு. வீட்ல ஏதாவது டென்ஷனா?"

"இல்ல," என்றோம் இருவரும். ஒரே நேரத்தில். இரண்டு மாதத்தில் நாங்கள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு மனநல ஆலோசகரின் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

வெளியே கண்ணாடிக்காரர் நின்றிருந்தார். கண்ணாடிக்கு அளவெடுக்க இவருடைய கடைக்குப் போன இடத்தில் இவர் சரிந்ததைப் பார்த்து அவர்தான் தூக்கி வந்திருக்கிறார். "அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பேரு... உங்க போன் வர நேரமானா இவன் விளையாட மாட்டான், போனையே எடுத்து எடுத்துப் பாப்பான். நாங்க கிண்டல் பண்ணுவோம். அதுலேருந்து தப்பிக்கத்தான் உங்க மேல தள்ளி விட்டான்." 

அண்ணி என்று என்னை அவர் கூப்பிட்டதும் இதுதான் முதல் தடவை. போன வாரம்வரை நானும் ஒரு ஜோக்தானே.

ஏப்ரல் 25, சனி

மதியம். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அவர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "நீ என்னைப் பழி வாங்கறியா?"

"ஆமா."

இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. அவரும் நினைக்கவில்லை.

"எதுக்கு?"

"பசைக்கு."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அந்தச் சில நொடிகளுக்காக மட்டும் இன்னொரு தடவை முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்யலாம் போலிருந்தது எனக்கு.

"அன்னிக்கு அவங்க வீட்ல சொன்னதுக்கா? அது சும்மா—"

"சும்மான்னு சொன்னீங்கன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்."

வாயை மூடிக்கொண்டார். பிறகு, "அவனுங்க வீட்ல யாரும் கூப்பிட மாட்டாங்க. எனக்கு மட்டும்தான் வரும். உள்ளுக்குள்ள எனக்குப் பெருமை. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..."

"பெருமைய அவமானத்துல சுத்தி எடுத்துட்டுப் போய் ஊருக்குக் கொடுத்தீங்க. எனக்கு ஒரு துண்டு கொடுத்தீங்களா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ கூப்பிட்டா நல்லா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கீங்களா? 'ம்'. பதினெட்டு வருஷமா 'ம்'. அந்த 'ம்'முக்கு அர்த்தம் தேடித் தேடியே நான் கிழவி ஆயிட்டேன். உங்க மூஞ்சி கோணுனா எனக்குச் சோறு இறங்காது தெரியுமா? உங்க மூஞ்சிதான் எனக்கு வெயிலும் மழையும். யாரு கேட்டா இந்த வாழ்க்கையை? நான்தான்! நானேதான் போய் வாசல்ல நின்னேன். அந்தக் கோவமும் சேத்துதான் உங்க மேல."

கத்தியிருக்கிறேன். எதிர்வீட்டுப் பால்கனியில் துணி காயப்போட்டவள் உள்ளே போய்விட்டாள்.

"நீ பேசாம போனப்ப," என்றார், "எனக்கு நான் யாருன்னே தெரியல. கடைல அவன் என்னைப் பழசுங்கறான். வீட்டுக்கு வந்தா நீ நிமிர்ந்து பாக்கல. ரெண்டு பக்கமும் யாரும் சொல்லலன்னா, நான் நல்லவனா கெட்டவனா, வேலை தெரிஞ்சவனா தெரியாதவனா... எனக்குச் சொந்தமா ஒண்ணும் தெரியல. அதான் நெஞ்சு அடைச்சுது."

அப்படியானால் நானும் அதேதான். அவர் சொன்னதைக் கேட்கும்போது என் குரல் மாதிரியே இருந்தது. அவரும் என்னிடம் வந்துதான் தன்னைத் தெரிந்துகொண்டிருக்கிறார். நான் அதைப் போன் போட்டுச் செய்தேன், அவர் முகத்தைத் தூக்கிச் செய்தார். ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்துகொண்டு, இதுதான் நிற்பது என்று நினைத்திருக்கிறோம்.

இதை அவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு சீக்கிரம் கொடுக்க மாட்டேன்.

"என்னை மன்னிச்சுட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல."

ஏப்ரல் 30, வியாழன்

ஆலோசகரிடம் போகிறாராம். "நீயும் வா."

"நீங்க போங்க. உங்க வாய், அவங்க காது. நான் வந்தா அங்கயும் என் மூஞ்சியப் பாத்துட்டுதான் பேசுவீங்க."

போனார். தனியாக.

மே 9, சனி

கோபம் இருக்கிறது. ஆனால் அதற்கு வேலை கொடுக்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் இன்று அவருக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் அவரைப் பார்க்காமல் மகளைப் பார்த்தேன். வலது புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு இருந்தது. எப்போது என்று கேட்டேன். "போன மாசம், கதவு இடிச்சுது." போன மாசம்.

அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். "என்னம்மா, புதுசா?" என்றாள். ஆனால் நகரவில்லை.

மே 18, திங்கள்

தலைமை மருத்துவரிடம் நானே போய்க் கேட்டேன். உள்காதில் கருவி வைத்த குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் வகுப்பு, வெளியூரில் இரண்டு வாரம். மூன்று வருஷமாக அவர் என்னைப் போகச் சொல்கிறார். "வீட்டுக்காரர் தனியா இருக்க மாட்டாரு சார்" என்பேன். அவர்மேல் போட்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். எனக்குத்தான் பயம்.

"இந்தத் தடவை வீட்டுக்காரர் இருப்பாரா?" என்றார் மருத்துவர்.

"தெரியல சார். நான் இருப்பேன்."

வெளியே வந்ததும் வானொலி, "என்னது இது, வசனமெல்லாம் பேசற?" என்றாள். கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டிருக்கிறாள், படுபாவி.

ஜூன் 9, செவ்வாய்

விடுதி அறை. என்னோடு இருப்பவள் குறட்டை விடுகிறாள், பகலிலும். முதல் நாள் சாயங்காலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். யார்மேலும் கோபமில்லாமல் அழுவது பழக்கமே இல்லை, எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. பிறகு அதுவாக முடிந்துவிட்டது.

இன்று வகுப்பில் ஒரு குழந்தை, நான்கு வயது இருக்கும். கருவியை முதல் தடவை இயக்கினார்கள். தன் குரலைத் தானே கேட்டுப் பயந்து அழுதது. அந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டு இன்னும் பயந்து அழுதது. பிறகு சட்டென்று நிறுத்தி, "ஆ" என்று சொல்லிப் பார்த்தது. மறுபடி "ஆ." அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ஜூன் 13, சனி

அவர் போன் செய்தார். நான் வெளியே நடந்துகொண்டிருந்தேன், அறைக்கு வந்து திருப்பிக் கூப்பிட்டேன். முதலாளியின் மருமகனோடு சண்டை போட்டிருக்கிறார். "என் டிசைன் பழசுதான், ஆனா கதவு திறக்கும்னு சொன்னேன். அவன் வரைஞ்சதுல ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தா சுவத்துல இடிக்குது." குரலில் ஒரு துள்ளல். நான் சிரித்தேன். பழி வாங்குகிறவள் சிரிப்பில்லை அது. நிஜமாகவே அந்த ஃப்ரிட்ஜை நினைத்துச் சிரித்தேன்.

"நீ எப்போ வருவே?" என்று கேட்கவில்லை. கேட்க நினைத்தது தெரிந்தது. அதற்குப் பதிலாக, "அங்க வகுப்பு எப்படிப் போகுது?" என்றார். பதினெட்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் முழு வாக்கியம்.

உடனே கரைந்துவிடவில்லை நான். குறித்து மட்டும் வைக்கிறேன்.

ஜூன் 21, ஞாயிறு

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், நானே வந்துகொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இறங்கியதும் கண் தன்னால் தேடியது. அவர் இல்லை. நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் — கொஞ்சம்தான் — இல்லாமலும் இருந்தது. பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு காப்பி குடித்தேன். யாரும் காத்திருக்கவில்லை என்பதால் சூடாகவே, மெதுவாக.

வீட்டுக்கு வந்தால் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். "வரக் கூடாதுன்னு எவ்ளோ கஷ்டப்பட்டு உக்காந்திருந்தேன் தெரியுமா? கார் சாவியை இவகிட்ட குடுத்து ஒளிச்சு வைக்கச் சொன்னேன்." மகள் தலையாட்டினாள். "ரெண்டு தடவை கேட்டாரு. தரல."

மன்னித்தேனா? தெரியவில்லை. கேட்கவும் இல்லை அவர்.

ஜூலை 5, ஞாயிறு

காலையிலேயே சண்டை. மகள் அறைக்குப் புது மேசை எந்தச் சுவரோரம் போடுவது என்று. ஜன்னலோரம் என்றேன். வெளிச்சம் கண்ணில் அடிக்கும் என்றார், தொழில் தெரிந்தவர் மாதிரி. தொழில் தெரிந்தவர்தான், அதனால் இன்னும் கோபம் வந்தது. "எல்லாத்துலயும் உன் இஷ்டம்தான்" என்றார். "ஆமா" என்றேன். மேசை நடு அறையில் நிற்கிறது. மகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து இருவரையும் வேடிக்கை பார்த்துவிட்டுத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் வானொலியோடு சினிமாவுக்குப் போனேன். படம் முழுக்கப் பேசினாள். நன்றாக இருந்தது, படமும் அவளும். திரும்பி வந்தபோது அவர் ஹாலில் காகிதத்தை விரித்து எதையோ வரைந்துகொண்டிருந்தார். விசிலடித்தார், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

உள்ளே போய்ச் சேலையை மாற்றிவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் அங்கிருந்து குரல் வந்தது:

"இன்னும் கோவமா?"

"ஆமா."

"நானும்தான்." கூடவே, "அந்த ரூம் ஜன்னலைச் சாத்திடு, மழை வருது."

சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவர் மறுபடியும் விசிலடிக்கிறார்.